புளிப்புக் கடுகு சாஸ் வீட்டில் செய்வது எப்படி: கசப்பில்லாமல், காரம் போகாமல்

கேள்வி இது. ரோஸ்ட் சிக்கனோடும் சாசேஜோடும் உணவகங்களில் சின்னக் கிண்ணத்தில் வைப்பார்களே, மஞ்சளாக, புளிப்பும் கொஞ்சம் இனிப்பும் மூக்கில் ஏறும் காரமுமாக ஒரு கடுகு சாஸ், அதை வீட்டில் செய்ய முடியுமா? கேட்டவர் ஏற்கெனவே ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார். தாளிக்கிற கடுகை வெறும் சட்டியில் வறுத்து, மிக்ஸியில் பொடித்து, வினிகர், உப்பு, சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்கினாராம். "கறுப்பாக, கசப்பாக வந்தது. காரம் துளிகூட இல்லை. நம் ஊர்க் கடுகு இதற்கு ஆகாதா? சரியாக வந்தால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?" என்று கேட்கிறார்.

ஆகும், தாராளமாக ஆகும். கடுகின் மேல் குற்றமே இல்லை. வறுத்தபோதே காரம் போய்விட்டது, மிச்சம் இருந்திருந்தாலும் கொதித்ததில் ஓடியிருக்கும். இந்த சாஸுக்குப் பொருளைவிட வரிசைதான் முக்கியம். வறுக்காத பச்சைக் கடுகு, முதலில் குளிர்ந்த தண்ணீர், கால் மணி நேரம் பொறுமை, அதற்கு அப்புறம் வினிகர், கடைசியாக ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள். அவசரக்காரர்கள் இந்த வரியோடு அடுப்படிக்குப் போய்விடலாம். ஆனால் ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், காரத்தையும் புளிப்பையும் உங்கள் வீட்டு நாக்குக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சிட்டிகைக் கடுகை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனையே வராது. வாயில் போட்டு மென்றால் முதலில் ஏதோ பருப்பு மாதிரி இருக்கும், அப்புறம் லேசாகக் கசக்கும், சில விநாடி கழித்துத்தான் சுரீர் என்று ஏறும். அந்தச் சில விநாடியில்தான் எல்லாம் நடக்கிறது. விதைக்குள் காரம் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. விதை உடைந்து ஈரமும் பட்டால் இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற, சட்டென்று ஆவியாகிற எண்ணெய் உண்டாகிறது. மூக்கில் ஏறுவது அதுதான். வசாபியில் ஏறுவதும் இதே சரக்குதான். பேரங்காடியில் குழாயில் விற்கும் மலிவான வசாபியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், பலவற்றில் ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கும் கடுகும்தான் இருக்கும். முழு வெங்காயம் கண்ணை எரிக்காது, வெட்டினால்தான் எரிக்கும் என்பதைப் போலத்தான் இதுவும்.

சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். தாளிக்கும்போது கடுகு காய்ந்த எண்ணெயில் படபடவென்று வெடிக்கிறதே, அதற்குப் பிறகு அதில் மணம் இருக்கும், மொறுமொறுப்பு இருக்கும், காரம் இருக்காது. தேங்காய்ச் சட்னியில் மிதக்கும் கடுகைக் கடித்து யாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. ஆனால் ஆவக்காய் ஊறுகாய் போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கடுகை வறுக்க மாட்டார்கள். வெயிலில் காயவைத்துப் பச்சையாகவே பொடிப்பார்கள். அந்த ஊறுகாயின் நெடி முழுக்கக் கடுகு தருவதுதான். நாம் செய்யப்போகும் சாஸ் அந்தப் பச்சைக் கடுகு வம்சம். தாளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது நேரம். கடுகுத்தூளைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்தால் காரம் உடனே வராது. பத்து, பதினைந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். அப்படியே விட்டுவிட்டால், சில மணி நேரத்தில் அதுவே மெல்லக் கரைந்து காணாமல் போகும். இங்கேதான் வினிகர் வேலை செய்கிறது. புளிப்பு நொதியை மந்தமாக்கும். அதோடு, அதுவரை உண்டான காரம் சிதையாமல் பிடித்தும் வைக்கும். ஆக, வினிகர் ஊற்றும் நேரம்தான் காரத்தின் திருகு. தண்ணீரில் குழைத்து ஐந்து நிமிடத்தில் வினிகர் ஊற்றினால் மிதமான சாஸ். கால் மணி நேரம் கழித்து ஊற்றினால் தும்மல் வரவைக்கும் சாஸ். முதலிலேயே வினிகர் ஊற்றினால் காரம் குறைவாகவும் மெதுவாகவும் வரும். தண்ணீர் குளிர்ந்ததாகவோ சாதாரணமாகவோ இருக்கட்டும். "சீக்கிரம் கரையுமே" என்று வெந்நீரை ஊற்றினால் கேட்டவருக்கு நடந்த கதைதான் மறுபடியும்.

சரி, எந்தக் கடுகு? நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கரும்பழுப்புக் கடுகு நல்ல காரக் கடுகு, மூக்குக்கு நேரே போகும். மஞ்சள் கடுகு, அதாவது வெள்ளைக் கடுகு என்றும் சொல்கிறார்களே, அது கொஞ்சம் பெரிய விதை. அதில் இருப்பது சினிக்ரின் இல்லை, சினால்பின். அதிலிருந்து வரும் காரம் அவ்வளவாக ஆவியாகாது, நாக்கோடு நின்றுவிடும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு: மேல்தோலில் ஒரு வழவழப்புப் பசை இருக்கிறது. மாவும் முட்டையும் சேர்க்காமலே சாஸ் கெட்டியாக நிற்பது அந்தப் பசையால்தான். ஹாட் டாக்கில் பிழியும் அமெரிக்க மஞ்சள் சாஸ் முழுக்க வெள்ளைக் கடுகு. அந்தப் பளீர் நிறம் நம் மஞ்சள்தூள் கொடுத்தது. இங்கிலாந்துத் தூள் இரண்டு வகையும் கலந்தது. பிரான்ஸின் டிஜோன் வகை பழுப்புக் கடுகில் செய்து தோலைச் சலித்து நீக்குவது. தோல் போய்விடுவதால்தான் விதை பழுப்பாக இருந்தும் சாஸ் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. உங்கள் சாஸ் கறுத்ததற்கு வறுத்தது ஒரு காரணம், தோலோடு அரைத்தது இன்னொரு காரணம்.

டிஜோன் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1856இல் ஜான் நேஜோன் என்பவர் அங்கே வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சைச் சாற்றை ஊற்றிச் செய்ததிலிருந்துதான் அந்தச் சுவைக்குப் பேர் வந்தது. ஆனால் விதையில் பெரும்பகுதி வெகுகாலமாகக் கனடாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2021இல் கனடாவில் மழை பொய்த்ததும், மறு வருடம் பிரான்ஸ் கடைகளில் கடுகு பாட்டில் அடுக்கும் தட்டுகள் காலியாகக் கிடந்தன. வீட்டில் இரண்டு கைப்பிடி விதை இருந்தால் நமக்கு அந்தக் கவலை இல்லை.

சிங்கப்பூரில் பொருள் கிடைப்பது சுலபம். பழுப்புக் கடுகு உங்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில்கூடக் கிடைக்கும். மஞ்சள் கடுகுக்குத் தேக்கா பக்கம் போங்கள். பஃபலோ ரோடு மளிகைக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், முஸ்தஃபாவில் மசாலாப் பகுதியில் பாக்கெட்டாகவே இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. சாம்பிராணியோடு போட்டுப் புகைக்க வெண்கடுகு என்று பூஜைப் பொருள் கடைகளில் விற்பார்கள், திருஷ்டி கழிக்க வாங்குவோமே, அதை வாங்கிச் சமைக்காதீர்கள். சாப்பிடுவதற்கென்று சுத்தம் செய்து பொதிந்ததாக இருக்காது. அரைக்க அலுப்பாக இருந்தால் பெரிய பேரங்காடிகளில் எருதுத் தலை படம் போட்ட மஞ்சள் டின் கிடைக்கும். கோல்மன் நிறுவனம் 1814இல் இங்கிலாந்தின் நாரிச் பக்கம் தொடங்கியது, இன்றும் அதே தூள்தான் பலருக்கும் வசதி. வேறு பிராண்டு என்றால் பின்பக்கம் படியுங்கள். சிலவற்றில் கோதுமை மாவும் மஞ்சளும் கலந்திருக்கும். மாவு கலந்தால் காரம் நீர்த்துப் போகும், சாஸும் கொழகொழவென்று வரும்.

வினிகர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சீனக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை அரிசி வினிகர் இதற்கு அருமை. புளிப்பு முரட்டுத்தனமாக அடிக்காது. ஆப்பிள் சைடர் வினிகரும் நன்றாக இருக்கும், கொஞ்சம் பழவாசனை வரும். செயற்கை வினிகர் என்று எழுதியிருக்கும் மலிவு பாட்டிலைத் தொடாதீர்கள், கடுகின் நெடியோடு சேர்ந்து தொண்டையை அறுக்கும். கறுப்பு வினிகர் வேண்டாம், அதன் மால்ட் வாசனை கடுகை மூடிவிடும். அரிசி வினிகரில் அமிலம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். பாட்டிலில் 5 சதவீதம் என்று இருந்தால் கீழே சொல்லும் அளவு சரி. 4 என்று இருந்தால் இன்னொரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது செய்முறை. முதலில் தூளில் செய்வது, ஏனென்றால் கேட்டவர் சொல்லும் வழவழப்பான மஞ்சள் சாஸ் இதில்தான் வரும். கடுகுத்தூள் 50 கிராம், குத்துமதிப்பாக அரைக் கப். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கட்டி இருந்தால் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் 60 மில்லி. ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று தடவையாக ஊற்றிக் குழையுங்கள். முதலில் பிசுபிசுவென்று கட்டிகட்டியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். தொடர்ந்து குழைத்தால் தோசை மாவைவிடக் கெட்டியான ஒரு பதத்துக்கு வரும். மூடி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து மூடியைத் திறக்கும்போது முகத்தைக் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். மூக்கின் மேலே, இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு குத்து குத்தும். குத்தினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வினிகர் 60 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்குங்கள். மஞ்சள்தூள் நிறத்துக்கு மட்டும்தான், கை தாராளமானால் சாம்பார் வாசனை வந்துவிடும். எண்ணெய் விருப்பம்தான், ஆனால் சேர்த்தால் நாக்கில் காரம் ஒரேயடியாக ஏறாமல் உருண்டு வரும். கலவை இந்தக் கட்டத்தில் தண்ணியாகத்தான் தெரியும். இரவு முழுக்க இருந்தால் தானாகக் கெட்டியாகும். கெட்டியாகவில்லையே என்று சோளமாவைக் கரைத்து ஊற்றாதீர்கள்.

ருசி பார்த்தால் இப்போது கசக்கும். இங்கேதான் பலர் மனம் உடைந்து கொட்டிவிடுகிறார்கள். அரைத்த அன்று எந்தக் கடுகு சாஸும் கசக்கும். ஆவக்காயும் போட்ட அன்று கசக்கத்தான் செய்யும், ஊறினால்தான் சரியாகும், அதே கணக்குதான் இதற்கும். பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் பாதிக் கசப்பு போயிருக்கும், மூன்றாம் நாள் காரமும் புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியிருக்கும். விருந்து சனிக்கிழமை என்றால் புதன்கிழமையே செய்துவிடுவது நல்லது. சர்க்கரையைக் கூட்டிக் கசப்பை அமுக்கப் பார்த்தால், கசப்பு போன பிறகு வெறும் தித்திப்பு மட்டும் நிற்கும். முதல் நாள் ருசியை வைத்து எதையும் திருத்தாதீர்கள், உப்பைத் தவிர.

சர்க்கரை விஷயத்தில் ஒரு யோசனை. இங்கே கிடைக்கும் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைச் சீவி, வினிகரில் கரைத்துச் சேர்த்துப் பாருங்கள். நிறம் கொஞ்சம் மங்கும், ஆனால் அந்தப் புகை கலந்த தித்திப்பு கடுகுக்கு ஏகப் பொருத்தம். கிரில் செய்த கோழிக்கு நான் இதைத்தான் செய்வேன். பிள்ளைகள் கேட்கும் தேன் கடுகு சாஸ் வேண்டுமானால் சர்க்கரைக்குப் பதில் தேனை ஊற்றி, பரிமாறும்போது அதே அளவு மயோனைஸில் கலந்துவிடுங்கள். காரம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். பாட்டில் முழுவதையும் மயோனைஸோடு கலந்து வைக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுப்போகும்.

விதையிலிருந்து செய்வது இரண்டாவது வழி. நம் ஊர்க் கடுகு ஆகாதா என்ற கேள்விக்கு இதுதான் நேரான பதில். மஞ்சள் கடுகு 50 கிராம், பழுப்புக் கடுகு 25 கிராம். காரம் ஏற வேண்டுமானால் இரண்டையும் பாதிக்குப் பாதியாக வைக்கலாம், ஆனால் முழுக்கப் பழுப்புக் கடுகிலேயே செய்தால் காரம் அபாரமாக இருந்தாலும் நிறம் கறுப்புப் புள்ளிகளோடு சாம்பலாக இருக்கும், வழவழப்பும் வராது. விதையைக் கழுவி வடித்து, வினிகர் 100 மில்லி, தண்ணீர் 50 மில்லி ஊற்றி, கண்ணாடிப் பாட்டிலில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஊறவிடுங்கள். விதை உப்பி மேலே வந்தால் மூழ்கும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். ஊறவைக்கும்போது வெறும் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறைச் சூட்டில் மறுநாளே நுரை தட்டும், இல்லாவிட்டால் முளை விடத் தொடங்கும். வினிகர் இருந்தால் வெளியிலேயே வைக்கலாம்.

ஊறிய விதையை உப்பு, சர்க்கரை, மஞ்சள்தூளோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு விட்டுவிட்டு அரையுங்கள். ஐந்து விநாடி ஓட்டினால் கொஞ்சம் நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறும், சூடேறினால் காரம் பறக்கும். பாதி அரைந்து பாதி விதையாக நின்றால் அதுவும் ஒரு அழகு. கடித்தால் முத்து முத்தாக வெடிக்கும், சாண்ட்விச்சுக்கு அதுதான் நன்றாக இருக்கும். மைய வேண்டுமானால் அரைத்துச் சல்லடையில் தேய்த்துச் சலியுங்கள். கை வலிக்கும், ஆனால் டிஜோனுக்குப் பக்கத்தில் போய்விடலாம். மூடியைத் திறக்கும் முன் சன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள், சின்னக் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வெள்ளை மேசைப்பலகையில் சிந்தினால் மஞ்சள் கறை அன்றே துடைத்தால்தான் போகும்.

டிஜோன் வகையில் பெரும்பாலும் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள். மலாய் அண்டை வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்களுக்கு இந்த வீட்டுப் பாட்டில் பெரிய சௌகரியம். வினிகர் மட்டுமே ஊற்றிச் செய்ததால் தயக்கமில்லாமல் மேசையில் வைக்கலாம்.

முட்டை சேர்த்துக் காய்ச்சும் ஒரு வகையும் உண்டு. கஸ்டர்டு மாதிரிக் கெட்டியாக, இனிப்பு தூக்கலாக வரும். அதற்கு மட்டும் தூளை முதலிலேயே வினிகரில் கலந்து இரவு முழுக்க வைத்து, மறுநாள் முட்டையும் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை கிளறுவார்கள். நெருப்பில் ஏறுவதால் காரம் நிறையக் குறைந்துவிடும். எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அதிகபட்சம் ஒரு வாரம்தான் தாங்கும் என்பதும் ஒரு காரணம். ஆனால் காரம் பிடிக்காத பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

புளிப்புக்கு லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையைப் பிழியலாமா என்று பலர் கேட்பார்கள். பிழியலாம், ஆனால் பாட்டிலில் வேண்டாம். அந்த மணம் ஓரிரு நாளில் போய்விடும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறுவதால், கெடாமல் காக்கும் வேலைக்கு அதை நம்பவும் முடியாது. பரிமாறும்போது இரண்டு மேசைக்கரண்டி சாஸுக்கு ஒரு பழம் பிழிந்து கலக்குங்கள். பொரித்த மீனுக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம். புளிக்கரைசலும் அப்படித்தான், ருசி உண்டு, ஆயுள் இல்லை. நிறத்தையும் கெடுத்துவிடும். பூண்டு விரும்புகிறவர்கள் பூண்டுத்தூள் ஒரு சிட்டிகை போடுங்கள். பச்சைப் பூண்டை அரைத்துப் போட்டால் வினிகர் பட்டுப் பச்சையும் நீலமுமாக நிறம் மாறிக் கலவரப்படுத்தும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் விருந்தாளிக்கு யார் விளக்கிக்கொண்டிருப்பது.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. லெம்பு ரோடு, டெஸ்கர் ரோடு பக்கம் இருக்கும் வங்காளதேசத்துக் கடைகளில் காசுந்தி என்று பாட்டில் விற்பார்கள். கடுகைப் புளிக்கவைத்துச் செய்யும் வங்காளத்து சாஸ், கடுகு எண்ணெய் வாசனையோடு காட்டமாக இருக்கும். வங்காளிகள் கடுகு அரைக்கும்போது உப்பும் பச்சை மிளகாயும் கூடவே போட்டு அரைப்பார்கள், கசப்பு வராது என்பது அவர்கள் கணக்கு. விதை வகை சாஸில் நீங்களும் ஒரு பச்சை மிளகாய் சேர்த்துப் பாருங்கள், நம் நாக்குக்கு இன்னும் நெருக்கமாக வரும். யூரேஷியர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் வைக்கும் டெவில் கறியிலும் கடுகும் வினிகரும்தான் உயிர். அதை வைக்கும்போது கடைசியில் இந்த சாஸ் ஒரு கரண்டி கலந்தால் குழம்பு நிமிர்ந்து உட்காரும்.

இனி, எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி. அமில அளவு பி.எச். 4.6க்குக் கீழே இருந்தால், டின் உணவுகளில் பயப்படும் பாட்டுலிசம் கிருமி வளராது. மேலே சொன்ன அளவில் வினிகர் ஊற்றினால் அந்த எல்லைக்கு நன்றாகக் கீழேயே இருக்கும். கடுகுக்கே கிருமிகளை அடக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைக்காதீர்கள், காரம் சீக்கிரம் போய்விடும். வெந்நீரில் கழுவி ஈரம் போகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டில், ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் தாராளமாக நிற்கும். மூடி இரும்பாக இருந்தால் வினிகர் அரித்துத் துரு பிடிக்கும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். ஈரக் கரண்டியும், கோழியைத் தொட்ட கரண்டியும் உள்ளே போகக் கூடாது. மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நிற்பது சாதாரணம், கலக்கினால் சேர்ந்துவிடும். பூஞ்சை தெரிந்தாலோ, திறக்கும்போது காற்று புஸ்ஸென்று வெளியே வந்தாலோ மேலே வழித்துவிட்டுச் சாப்பிடாமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். முதல் மாதம் காரம் நன்றாக இருக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் பெரிய பாட்டில் நிறையச் செய்து அடுக்குவதைவிட இந்த 50 கிராம் கணக்கிலேயே அடிக்கடி செய்வது மேல்.

செய்தது சரியாக வரவில்லை என்றால்: காரம் தாங்க முடியவில்லையா, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு மறுபடி உள்ளே வையுங்கள், தானாகத் தணியும். புளிப்பு தூக்கலா, தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்காதீர்கள், கெடாமல் இருக்கும் தன்மையும் சேர்ந்து குறையும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி எண்ணெயும் கலந்து பாருங்கள். காரமே வரவில்லையா, தூள் பழையது. திறந்து வெகுநாளாகி, இங்கத்து ஈரக்காற்று பட்ட டின் என்றால் அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த சாஸைக் கொட்ட வேண்டாம். புதிதாக ஒரு மேசைக்கரண்டி தூளைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்து, கால் மணி நேரம் கழித்து அதில் கலந்துவிடுங்கள், எழுந்துகொள்ளும். ஒரு வாரம் கழித்தும் கசப்பு போகவில்லை என்றால் விதையே பழசு, அதற்கு மருந்தில்லை.

முதல் தடவை ஒருவருக்குக் கொடுக்கும்போது கடுகு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலங்களில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. நம் வீடுகளில் கடுகு இல்லாத சமையலே இல்லாததால் இது யாருக்கும் தோன்றுவதில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூ போட்டு எல்லோரையும் கூப்பிடும்போது, சாஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் "கடுகு" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிடுங்கள். கோழி இறக்கையில் இதைத் தடவுவதானால் வெந்து இறக்கும் நேரத்தில் தடவுங்கள். முன்பே தடவி நெருப்பில் வைத்தால் சர்க்கரை கருகும், காரமும் புகையோடு போய்விடும். முன்கூட்டியே ஊறவைக்க வேண்டுமானால் சர்க்கரை சேர்க்காமல் கொஞ்சம் தனியாக எடுத்து, தயிரில் கலந்து தடவுங்கள்.